கள்வனுக்கும் ஒரு வழக்குரை

வழக்குரை காதையைப் புகழாத தமிழ் விமர்சகர் எவருமிலர். மேடையிலே முழங்குவோரும், பாடநூலுக்கு உரை வகுப்போரும், பாண்டியனின் அவையில் ஒரு வணிகப்பெண் தனியளாய் நின்று நியாயம் கேட்ட காட்சியைத் தமிழரின் நீதியுணர்ச்சிக்குச் சான்றாகக் காட்டி வந்துள்ளனர். அக்காட்சியின் பெருமையை நாம் குறைக்க வரவில்லை. ஆயினும் ஒரு வினாவை நமது விமர்சகர்கள் கேளாமலே கடந்து சென்றுவிட்டனர். கோவலன் உண்மையிலேயே அரசியின் சிலம்பைத் திருடியிருந்தால்? அப்பொழுது அவன் வெட்டுண்டது நியாயமாகிவிடுமா?

இது புலமை விளையாட்டு அன்று. புத்தளத்திலும் சிலாபத்திலும் உள்ள மேல் நீதிமன்றங்களிலே கொள்ளைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்போரில் குற்றம் செய்யாதவர்களும் உண்டு, செய்தவர்களும் உண்டு. செய்யாதவனுக்காக அழுவதற்கு நமக்கு ஒரு காப்பியம் இருக்கிறது. செய்தவனுக்காகப் பேசுவதற்கு நமது இலக்கியத்தில் என்ன இருக்கிறது என்பதே இங்கு நாம் எழுப்பும் பிரச்சினை.

கொலைக்களக் காதையை ஊழின் கதையாகவே நம்மவர் படித்து வந்திருக்கின்றனர். வினை விளையும் காலம் வந்தது என்று அடிகளே சொல்லிவிடுவதால் அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊழ் வானத்திலிருந்து வாளை இறக்கவில்லை. அரசாங்கத்தின் உறுப்புகள் வழியாகவே அது வேலை செய்கிறது. அவ்வுறுப்புகள் ஒவ்வொன்றையும் அடிகள் எவ்வளவு கூர்மையாக நோக்கியிருக்கிறார் என்பதைக் காணும்போது, அவர் அரச குடும்பத்தில் பிறந்தவர் என்ற மரபுச் செய்தி ஒரு புதிய பொருளைப் பெறுகிறது.

அரசன் தேவியின் ஊடலைத் தணிக்கும் அவசரத்தில் அவளுடைய கோயிலை நோக்கிப் போகிறான். வாயிலிலே பொற்கொல்லன் வந்து வணங்கி, காணாமற்போன சிலம்பு ஒரு கள்வனிடம் இருப்பதாகச் சொல்கிறான். சிலம்பு அவன் கையில் இருக்குமாயின் அவனைக் கொன்று அதனைக் கொண்டு வருக என்பதே காவலருக்குக் கிடைத்த ஆணை. அவ்வாணையில் இடம்பெற்ற ஒரேயொரு நிபந்தனை பொருள் கையில் இருப்பதுதான். அது எவ்வாறு கைக்கு வந்தது, என்ன எண்ணத்தோடு வந்தது என்ற வினாக்களுக்கு அங்கே இடமில்லை. சட்டநூலார் குற்ற எண்ணம் என்று குறிப்பதை ஒரே வாக்கியத்தில் நீக்கிவிட்ட ஆணை அது.

காவலர் வந்து கோவலனைக் காண்கின்றனர். தோற்றத்தைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்துவிட்டுக் களவு நூலை விரிக்கத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வருக்குத் துணையாவன எட்டு என்கிறான். மாறுவேடத்தில் இளவரசனின் பள்ளியறையிற் புகுந்து மார்பிலிருந்த ஆரத்தைக் கவர்ந்து, வாள்வீச்சுக்கும் தப்பிப்போன ஒருவனின் கதையையும் சொல்கிறான். இந்நீண்ட உரையிலே கோவலன் என்னும் மனிதனைப் பற்றி ஒன்றுமே இல்லை. 'கள்வர்' என்னும் ஓர் இனத்தைப் பற்றிய பேச்சே முழுவதும். கற்றறிந்தவன் வாயிலிருந்து வருவதால் அதற்கு ஒரு கனமும் ஏற்பட்டுவிடுகிறது.

அடுத்து வேலேந்திய இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். முன்பொரு மழைக்காலத்து நள்ளிரவிலே, நிலம் அகழும் உளியும் நீல உடையுமாகப் புலிபோல வந்த ஒருவனை எதிர்த்துத் தான் வாளை உருவியதாகவும், அந்த வாளையே அவன் பறித்துக்கொண்டு மறைந்ததாகவும், பின்னர் அவனை எங்கும் காணவில்லை என்றும் சொல்லிவிட்டு, இப்பொழுது அரசன் நம்மைத் தண்டிப்பானே, என்ன செய்வது என்று தோழரைக் கேட்கிறான். இருட்டு, கருவி, வன்முறை: சாதாரணக் களவைக் கடுங்கொள்ளையாக்கும் இலக்கணங்கள் யாவும் அந்தக் கதையில் இருக்கின்றன. அதைச் செய்தவன் மட்டும் அங்கே இல்லை. தப்பிப்போனவன் பெயரில் எழுதப்பட்ட தண்டனை அகப்பட்டவன் மீது இறங்குகிறது. கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான்.

பழங்கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1955இல், சட்டமா அதிபர் எதிர் எச். என். டி சில்வா என்ற வழக்கிலே, பதில் பிரதம நீதியரசராயிருந்த பஸ்நாயக்க தண்டனை விதிக்கும் முறை பற்றி எழுதிய கருத்து பல தலைமுறை நீதிபதிகளால் எடுத்தாளப்பட்டு வந்திருக்கிறது. செயலின் பாரதூரம் முதலிற் கருதப்பட வேண்டும். சட்டக்கோவை குறித்த தண்டனையும், பிறரை அச்சுறுத்தித் தடுக்கும் பயனும் அதன்பின். அவ்வகைக் குற்றம் எவ்வளவு மலிந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்பனவும் கணக்கிற் சேரும். குற்றவாளி திருந்துவது முக்கியமெனினும் இவற்றுக்குக் கீழ்ப்பட்டது. அந்த நீதியரசரைப் பொற்கொல்லனோடு நிறுத்துவது நமது நோக்கமன்று. முறைப்படி விசாரிக்கப்பட்டுக் குற்றவாளியாகக் காணப்பட்டவனைப் பற்றியே அவர் பேசுகிறார். ஆனால் கண்டுபிடிப்பது கடினம் என்பதை ஒருவனுடைய தண்டனையின் எடையிலே சேர்க்கும்போது, வாளைப் பறித்துக்கொண்டு ஓடிய அந்தப் பழைய கள்வனின் பங்கையும் இவன் சுமக்கிறான் அல்லவா? இளைஞனின் கதை கோவலனைக் கொன்ற வழி அதுதானே?

இனி வழக்குரை காதை. கண்ணகி சோழனையும் சிபியையும் நினைவூட்டித் தன் ஊரையும் பெயரையும் சொல்லி, கணவன் கொலையுண்டதை முறையிடுகிறாள். கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோலாகாது, அதுவே அரசநீதி என்கிறான் பாண்டியன். அதற்குக் கண்ணகி கூறும் விடை என்ன? தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்பதே. அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. பொற்கொல்லன் சொற்கேட்ட தானே கள்வன் என்று அரசன் உயிர்விடுகிறான்.

கண்ணகி வென்றாள். ஆனால் அரசன் சொன்ன சட்டத்தை அவள் மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கள்வனைக் கொல்லலாம் என்ற கோட்பாடு அந்த அவையிலே எவராலும் அசைக்கப்படாமல் அப்படியே நிற்கிறது. என் கணவன் கள்வன் அல்லன் என்பதே அவள் வாதம். அது உண்மை நிகழ்ச்சி பற்றிய வாதம். தண்டனையின் அளவைப் பற்றிய வாதமன்று. அவளுடைய காலத்தையும் துயரத்தையும் நோக்கின் வேறெதையும் எதிர்பார்ப்பது நியாயமுமன்று. அவளை நீதிதேவதையாக்கி அத்தோடு நின்றுவிட்ட நமது விமர்சனத்தைத்தான் குறை சொல்ல வேண்டும். மதுரை எரிந்த வெளிச்சத்திலே அந்தக் கோட்பாடு நமது கண்ணுக்குத் தெரியாமற் போய்விட்டது. (முத்தென்றவுடன் நம் கரையோர வாசகருக்கு வேறொன்றும் தோன்றலாம். கொற்கைக்கு முன்னுள்ள கடலும் நமது கடலும் ஒரே மன்னார் வளைகுடாவே. சிலாபம் என்ற பெயரே முத்துக்குளிப்பைக் குறிக்கும் சலாபத்திலிருந்து வந்ததென்பர். பாண்டியனுக்கு எதிராகச் சாட்சி சொன்ன முத்து நம்முடைய கடலின் முத்து.)

அதே கரையிலே, உடப்பிலே, வேறொரு பெண்ணின் வழக்கு ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. கரைவலை இழுக்கும் மக்கள் 18 நாள் விழா எடுத்துப் பாரதக் கதை கேட்டுத் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கின்றனர். திரௌபதை அவையிலே கேட்டது கண்ணகியின் வினாவைவிட வேறு வகையானது. தன்னையே முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்கும் உரிமை ஏது என்றாள் அவள். சூது நடந்ததா இல்லையா என்பது அவள் வாதமன்று. நடந்ததை ஒப்புக்கொண்டே அதிகாரத்தின் எல்லையைக் கேட்கிறாள். இக்காலத்து மொழியிற் சொன்னால் அது அரசியலமைப்பு வினா. அவையின் மூத்தோரால் அதற்கு விடை சொல்ல இயலவில்லை என்பதையும் கதை மறைக்கவில்லை. குற்றம் செய்தவன் பக்கத்திலிருந்து கேட்கவேண்டிய வினாவும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. செய்தது உண்மை, ஆனால் இவ்வளவு தண்டிக்க உமக்கு உரிமை உண்டா?

வள்ளுவர் வெருவந்த செய்யாமை என்ற 57ஆம் அதிகாரத்தில் இதை ஓரளவு தொட்டிருக்கிறார். தக்கவாறு ஆராய்ந்து, மீண்டும் நிகழாதவாறு, குற்றத்துக்கு ஒத்த அளவில் ஒறுக்கச் சொல்கிறார். கோல் ஓங்கும்போது கடுமை காட்டி விழும்போது மென்மையாக விழட்டும் என்கிறார். அது அரசனுக்குச் சொன்ன அறிவுரை. அறிவுரையை மீறிய அரசனை எந்த மன்றிலும் நிறுத்த முடியாது.

நம்மை ஆளும் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. 1837இல் மெக்காலே தலைமையில் வரையப்பட்டு 1860இல் இந்தியாவுக்குச் சட்டமாகிய கோவையை அடியொற்றியது. கீழைத்தேய இலக்கியம் முழுவதும் ஐரோப்பிய நூலகமொன்றின் ஒரு தட்டுக்கு ஈடாகாது என்று 1835இல் எழுதிய மனிதர், இலக்கியமென்று அறியாமலே நமக்கு ஒரு கதைத்தொகுதியைத் தந்துவிட்டுப் போனார். கோவையிலே பிரிவுகளுக்குக் கீழ் உதாரணங்கள் இருக்கின்றன. 'அ' என்பவன் 'ஸ' என்பவரைக் கீழே அழுத்திப் பிடித்து மடியிலிருந்த பணத்தை எடுக்கிறான், அது கொள்ளை. 'அ' பெருந்தெருவிலே கைத்துப்பாக்கியைக் காட்டி 'ஸ'விடம் பணப்பையைக் கேட்கிறான், அதுவும் கொள்ளை. இரண்டு வரியில் முடியும் இச்சிறுகதைகளின் சிக்கனத்தை நமது எழுத்தாளர்கள் பயிலலாம். ஆனால் 'அ'வுக்கு வயது இல்லை, தொழில் இல்லை, கடன் இல்லை, பசி இல்லை. அவன் கைத்துப்பாக்கியோடு தெருவிலே பிறக்கிறான். பணப்பையை வாங்கியதும் கதை முடிகிறது.

எனினும் கோவை எண்ணத்தை முற்றாக மறந்துவிடவில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். களவு எப்பொழுது கொள்ளையாகிறது? பொருளை எடுப்பதற்காகவோ, எடுத்ததைக் கொண்டுசெல்வதற்காகவோ, அந்த நோக்கத்துக்கென்றே ஒருவன் காயமோ தடையோ அச்சமோ விளைவிக்கும்போதுதான். அந்த நோக்கத்துக்கென்றே என்ற சிறு சொற்றொடரிலே ஒரு மனிதனின் ஆயுளில் பத்தாண்டு தொங்குகிறது. எடுத்ததை எறிந்துவிட்டு உயிருக்குப் பயந்து ஓடுபவன் வழிமறித்தவரைத் தள்ளினால் அது வேறு குற்றம். ஆனால் இந்த ஆராய்ச்சி குற்றவாளியா இல்லையா என்று தீர்ப்பதோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் வருவது எண்கள். கொள்ளைக்குப் பத்தாண்டு வரை கடூழியச் சிறை. பொழுது சாய்ந்து மறுநாள் புலர்வதற்கிடையில் நிகழ்ந்தால் பதினான்கு வரை. காயமும் கொடிய ஆயுதமும் சேர்ந்தால் அதற்கும் மேல். இந்தியக் கோவையோ கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தியவனுக்கு ஏழாண்டுக்குக் குறையலாகாது என்று நீதிபதியின் கையையே கட்டிவிட்டது. 2024 யூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அக்கட்டை அவிழ்க்கவில்லை.

மெக்காலேயின் தொகுதிக்கு நாமும் ஓர் உதாரணம் சேர்ப்போம். 'அ' முந்தல் பக்கத்தில் ஓர் இறால் பண்ணையின் இரவுக் காவலாளி. 1996இல் வெண்புள்ளி நோய் பரவிப் பண்ணைகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றியபோது வேலை இழக்கிறான். மீன்வெட்டும் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்குத் தெருவால் போகும் 'ஸ'வின் சங்கிலியை அறுக்கிறான். கத்தியை எடுக்கவில்லை, எடுப்பான் என்று 'ஸ' அஞ்சினாள். பொழுது சாய்ந்துவிட்டது, ஆகவே பதினான்கு. ஆறு மணிக்குள் அறுத்திருந்தால் பத்து. சூரியனுக்குத் தெரிந்திருக்கும் வித்தியாசம் 'அ'வின் மனத்துக்குத் தெரிந்திருக்குமா என்று கேட்பதற்கு உதாரணத்தில் இடமில்லை.

அந்த 'ஸ'வும் வெறும் எழுத்து அல்லள். அச்சங்கிலி ஒரு ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணின் பத்தாண்டு உழைப்பாயிருக்கலாம். அன்றிரவுக்குப் பின் அவளால் அத்தெருவில் நடக்க இயலாமற் போகலாம். முற்போக்கு எழுத்தாளர் பலர் இவளை மறந்துவிடுகின்றனர், அது நேர்மையன்று. அதிலும் இம்மாவட்டத்தில் கொள்ளை என்பது வெறும் சட்டச் சொல்லன்று. 1990 ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம் மக்களை ஊரூராக வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தவருக்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வழியிலே துப்பாக்கி முனையில் பணமும் நகையும் பறிக்கப்பட்டன. பெண்களின் தோடுகளும் தப்பவில்லை. அம்மக்களில் பெரும்பாலோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக் கொட்டில்களில் வாழ்க்கையைத் தொடங்கினர். ஆயுதம், கூட்டு எண்ணம், திட்டம் என்று சட்டம் கேட்கும் யாவும் முழுமையாக அமைந்த கொள்ளை அது. அதற்கெனக் கூண்டேற்றப்பட்டுத் தண்டனை பெற்றவர் எவருமில்லை. அந்த மக்களிடம் போய்க் கள்வனின் உரிமையைப் பற்றிப் பேசுவது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆனால் பெரிய கொள்ளை தண்டனையின்றிப் போனதன் கோபத்தைச் சிறிய கள்வன்மீது இறக்குவது, மறைந்துபோன நீல உடைக்காரனுக்காகக் கோவலனை வெட்டுவதைப் போன்றதே.

செய்தவனுக்காக இலக்கியம் பேசியதில்லையா? பேசியிருக்கிறது, நமது மொழியிலன்று. விக்டர் ஹியூகோவின் 1862ஆம் ஆண்டு நாவலைச் சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' ஆக்கித் தந்தார். 1950இல் அது திரைப்படமுமாயிற்று. ரொட்டி திருடியவனுக்குப் பத்தொன்பது ஆண்டுச் சிறை என்ற அளவிலேயே நம்மவர் அதை நினைவு வைத்திருக்கின்றனர். முதற்குற்றத்தின் பெயரைப் பாருங்கள்: இரவிலே, மனிதர் வாழும் வீட்டை உடைத்துக் களவு. கண்ணாடி ஒன்றைக் கையால் உடைத்ததுதான் அவ்வளவும். அவனிடம் வேட்டைத் துப்பாக்கி இருந்தது என்பதும் பாதகமாயிற்று. இதனைவிட முக்கியமான இடம் ஒன்று நாவலில் உண்டு. விடுதலையான பின் ஜான் வல்ஜான் ஒரு சிறுவனின் நாற்பது சூ நாணயத்தைக் காலால் மிதித்து மறைக்கிறான். சிறுவன் அழுகிறான், அதட்டப்பட்டு ஓடுகிறான். சிறிது நேரத்துக்குப் பின்னர்தான் காலடியில் நாணயம் மின்னுவதை வல்ஜான் காண்கிறான். சிறுவனைத் தேடி அலைந்து, அகப்படாமல், தான் ஒரு கயவன் என்று கதறி அழுகிறான். எடுத்தது கால், மனம் வேறெங்கோ இருந்தது என்று ஹியூகோ பக்கம் பக்கமாக ஆராய்கிறார். குற்ற எண்ணத்தைப் பற்றி இதைவிட ஆழமாக எந்தச் சட்டநூலும் எழுதியதாக நாம் அறியோம். பல ஆண்டுகளுக்குப் பின் அதே நாணயம் நீதிமன்றத்துக்கு வரும்போது என்னவாகிறது? பெருந்தெருவிலே, ஆயுதம் தாங்கி, கொள்ளைக் கூட்டத்தின் உறுப்பினனாகச் செய்த கொள்ளை. மரண தண்டனை; அரசனின் கருணையால் ஆயுள் முழுதும் கடூழியம். பத்திரிகைச் செய்திபோல ஹியூகோ அதனை எழுதிக் காட்டியிருப்பது அந்நாவலின் மிகக் கசப்பான பக்கங்களுள் ஒன்று.

நமது பக்கத்தில் கள்வனுக்காகப் பேசியவர்கள் அவனை வீரனாக்கியே பேசினர். நாமக்கல் இராமலிங்கம் பிள்ளையின் 'மலைக்கள்ளன்' 1954இல் திரைக்கு வந்து பெற்ற வரவேற்பை யாவரும் அறிவர். உட்டுவன்கந்தைச் சரதியல் செல்வரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று சிங்கள மக்கள் பாடுகின்றனர். அவனும் தோழன் மம்மாலி மரிக்காரும் 1864 மே 7ஆம் நாள் கண்டியிலே தூக்கிலிடப்பட்டனர். அவர்களைப் பிடிக்கப்போனபோது மாண்ட சபான் என்ற பொலிஸ்காரனும் ஏழைதான். அவனைப் பற்றிப் பாட்டு அதிகமில்லை. நல்ல எண்ணம் உள்ள கள்வனுக்கு மட்டும் இரங்குவது நிரபராதிக்கு மட்டும் இரங்குவதன் மறுவடிவமே. முந்தலின் 'அ' வீரனுமல்லன், தியாகியுமல்லன். தனக்காகவே சங்கிலியை அறுத்தான். அவனுக்கும் உரிமை உண்டா என்பதே வினா.

உண்டு என்கிறது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு. 11ஆம் உறுப்புரை கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவான தண்டனையை எவருக்கும் விலக்குகிறது. நிரபராதிக்கு மட்டும் என்று சொல்லவில்லை. 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவம் தருகிறது. 13ஆம் உறுப்புரை நியாயமான விசாரணையையும், குற்றம் புரிந்த காலத்தில் இருந்த தண்டனைக்கு மேற்பட்டது விதிக்கப்படாமையையும் உறுதி செய்கிறது. மறுபக்கத்திலே 16ஆம் உறுப்புரை இருக்கிறது. 1978க்கு முன்னிருந்த எழுத்துச் சட்டங்கள் இவ்வுரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்றும், அச்சட்டங்கள் ஏற்ற தண்டனை எதுவும் உரிமை மீறலாகாது என்றும் அது கூறிவிடுகிறது. 1883இன் கோவை இந்தக் குடையின்கீழ் நனையாமல் நிற்கிறது. கசையடி 2005இல் தனிச்சட்டம் ஒன்றால் நீக்கப்படும்வரை ஏட்டிலே உயிரோடிருந்ததும் இதே நாட்டில்தான். மனித உரிமையை முன்வாசலால் அழைத்துவந்து பின்வாசலால் வெள்ளைக்காரனின் பிரம்பையும் உள்ளே விட்ட கதை இது.

ஆயினும் நீதிபதியின் அதிகாரம் பற்றிய வேறொரு வழி இருந்தது. 1962 சனவரியில் ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாக இராணுவ, பொலிஸ் அதிகாரிகள் உட்பட 24 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுக்கென்றே, செயல் முடிந்த பின்னர், ஒரு சட்டம் இயற்றப்பட்டு, குறைந்தது பத்தாண்டுச் சிறையும் சொத்துப் பறிமுதலும் என்று விதிக்கப்பட்டது. பதினொருவர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 டிசெம்பரிலே பிரிவிக் கவுன்சில் அதனைத் தள்ளியது: குறித்த மனிதருக்குக் குறித்த தண்டனையைப் பாராளுமன்றமே தீர்மானிப்பது நீதித்துறையின் அதிகாரத்தில் கைவைப்பதாகும் என்பது அதன் முடிவு. மக்கள் ஆட்சியைக் கவிழ்க்க முனைந்ததாகச் சொல்லப்பட்ட மேட்டுக்குடி அதிகாரிகளின் வழக்கிலே பிறந்த கோட்பாடு அது. வெறுப்போடு பார்க்க வேண்டியதில்லை. முந்தலின் 'அ' இலண்டன் வரை போயிருக்க முடியாது.

அக்கோட்பாட்டின் தொடர்ச்சி 2008 ஒக்டோபர் 15இல் வந்தது. அநுராதபுரம் மேல் நீதிமன்றம் உயர் நீதிமன்றத்திடம் ஒரு வினா விடுத்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்த பத்தாண்டு என்ற கட்டாயக் குறைந்தபட்சம் தண்டனை விதிக்கும் நீதிபதியின் தற்றுணிபைப் பறித்துவிட்டதா? அந்தக் குறைந்தபட்சம் 4(இ), 11, 12(1) ஆகிய உறுப்புரைகளோடு முரண்படுகிறது. நீதிபதி தமக்குத் தக்கதெனத் தோன்றும் தண்டனையை விதிக்கத் தடையில்லை என்பது விடை. சட்டம் முன்கூட்டியே எண்ணைக் குறித்துவிட்டால் நீதிபதி பாண்டியனின் காவலராகிவிடுகிறார் என்று நாம் இதனை விளங்கிக் கொள்கிறோம். கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்ற காவலரின் தயக்கத்துக்கு அந்தத் தீர்ப்பு ஓர் ஆசனம் தந்தது.

அந்த வழக்கு கொள்ளை பற்றியதன்று. பதினாறு வயதுக்குட்பட்ட பெண் ஒருத்தி தொடர்பான பாலியற் குற்றம் பற்றியது. இதை மறைத்துத் தீர்ப்பைப் புகழ்வது சுலபம். அதன் துணைகொண்டு அவ்வகை வழக்குகளிலே சிறைத்தண்டனைகள் ஒத்திவைக்கப்பட்டு ஆண்கள் வீடு திரும்பியதைப் பெண்ணுரிமைக்கு உழைப்போர் கடுமையாகக் கண்டித்துள்ளனர். அக்கண்டனத்தில் உண்மை உண்டு. நீதிபதியின் இரக்கம் சமூகத்தின் மேடுபள்ளங்களின் வழியே பாயக்கூடியது. தன்னைப் போன்றவனுக்கு எளிதிற் சுரக்கும், கூலிக்காரனுக்குச் சுரக்காது. ஆகவே தற்றுணிபு இருந்தாற் போதாது. எதை நோக்கி இத்தண்டனை விதிக்கப்பட்டது என்று நீதிபதி எழுதிக் காட்ட வேண்டும். அகப்படாதவனின் கணக்கையா, நின்றவனின் மனத்தையா, இழந்தவளின் துயரத்தையா? எழுதினால்தான் மேன்முறையீட்டிலே அதை வாசிக்க முடியும். எழுத்து இல்லாத இரக்கமும் எழுத்து இல்லாத கடுமையும் அந்தப்புர வாயிலில் வாய்மொழியாகப் பிறந்த ஆணையைச் சேர்ந்தவையே.

லெனாட் வுல்ஃபின் நாவலைச் சொல்லாமல் இதனை முடிக்க முடியாது. 1904 முதல் 1911 வரை இலங்கையில் அதிகாரியாயிருந்தவர். 1906இல் நமக்கு வடக்கே மரிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பிலும் கடமை பார்த்தவர். தென்னிலங்கைக் காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட நாவலிலே பபுன் என்ற இளைஞன்மீது கிராமத் தலைவன் வீடுடைத்துக் களவெடுத்ததாகப் பொய் வழக்குப் போடுகிறான். வழக்கு ஆங்கிலத்தில் நடக்கிறது. சாட்சியை ஏதும் கேட்க விரும்புகிறாயா என்று மொழிபெயர்ப்பாளர் கேட்கும்போது பபுனுக்கு என்ன கேட்பதென்றே தெரியவில்லை. வெளிவராத ஏதோ ஒன்று இவ்வழக்கின் பின்னால் இருக்கிறது என்று நீதவானுக்கே தோன்றுகிறது. ஆனால் பதிவேட்டில் அது இல்லை. ஆறு மாதக் கடூழியச் சிறை. பபுன் சிறையிலேயே இறந்துவிடுகிறான். கண்ணகியைப் போலவே அவன் மனைவியும் அவனைத் தேடி நடந்து போகிறாள். உடைப்பதற்கு அவளிடம் சிலம்பு இல்லை.

வுல்ஃபின் நீதிமன்றத்து ஆங்கிலம் போய்விட்டது. வடக்குக் கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவின் மொழி பொதுவாகச் சிங்களம். தமிழ் மட்டும் அறிந்தவனுக்கு மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையை 24ஆம் உறுப்புரை தருகிறது. தண்டனைக்கு முன் ஏதும் சொல்ல இருக்கிறதா என்ற கேள்வி உடப்பிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ வந்த ஒருவனுக்கு அவர் வாயால் வருகிறது. அவன் பதிலும் அவர் வாயால் போகிறது. "பிள்ளையள் இருக்குது ஐயா" என்று அவன் சொன்னது பதிவேட்டில் என்னவாக விழுகிறது? வழக்குரை காதையைப் படிக்கும் உயர்தர மாணவர்கள் ஒரு முற்பகலேனும் அங்கே போயிருந்து அதைக் கேட்க வேண்டும். 106ஆம் உறுப்புரைப்படி அது திறந்த மன்று. பின்வாங்கிலே இடம் கிடைக்கும்.